குறி பார்க்க எந்த ரிவால்வர்?

கேள்வி: அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகக் குறி சுடுபவர்கள் எந்த ரிவால்வரை வாங்குகிறார்கள்?

பதில்: புதியவர்கள் பலரும் தொடங்குவது .22 அளவுத் தோட்டா போடும் ரிவால்வரில்தான். தோட்டா மலிவு, உதைப்பும் மிகக் குறைவு. சத்தத்துக்கு மிரண்டு கையை இழுக்கும் கெட்ட பழக்கம் எளிதில் ஒட்டாது. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் இன்றைய 617 மாடலில் 10 தோட்டாக்கள் போடலாம்.

கொஞ்சம் வலுவானது வேண்டுவோருக்கு 1935-இல் வந்த .357 மேக்னம் ரிவால்வர். வேடிக்கை என்னவென்றால், அதை வாங்கியவர்கள் பலரும் சாதுவான .38 ஸ்பெஷல் தோட்டாவைத்தான் அதில் போட்டுச் சுடுகிறார்கள். மேக்னம் ரிவால்வரில் .38 தோட்டா பொருந்தும்; .38 ரிவால்வரில் மேக்னம் தோட்டா கூடவே கூடாது.

குழல் 6 அங்குலம் இருந்தால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும், குறி துல்லியமாகும். 2 அங்குலக் குட்டை ரிவால்வர் இடுப்பில் மறைத்துக்கொள்ளத்தான் லாயக்கு.

எந்தக் கைப்பிடி பொருந்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பல சுடுதளங்களில் ரிவால்வர் வாடகைக்கே கிடைக்கிறது. சுட்டுப் பார்த்து வாங்கலாம்.