படம் சுத்தம், நெஞ்சு?



எய்ட்ஸ் நோய் கண்ட ஒரு வாலிபர், இரண்டு மாத இருமலோடும் மாலைக் காய்ச்சலோடும் எங்கள் வார்டுக்கு வந்தார். கையில் வேறோர் இடத்தில் எடுத்த மார்பு எக்ஸ்ரே. "நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம், ஐயா" என்றார் தாயார். நாங்களும் அவசரப்பட்டு ஸ்தோத்திரம் சொன்னோம். இரண்டே நாளில் சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி தெரிந்தது.

இது எப்படி? எங்கள் மருத்துவர் சொல்லித் தந்ததை எழுதுகிறோம்.

காசநோயில் எக்ஸ்ரே காட்டுகிற நிழலும் குழியும் கிருமி மட்டும் செய்கிற வேலை அல்ல. கிருமியோடு நம் உடம்பு நடத்துகிற யுத்தத்தின் தழும்புகள் அவை. எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்குப் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் குழி விழும். சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே இறங்கினவருக்கோ யுத்தம் செய்யச் சேனை இல்லை. ஆகவே குழி விழுவது அபூர்வம். நிழல் கீழ்ப்பகுதியில் விழலாம். நெஞ்சின் நடுவே நெறி கட்டலாம். தினை தூவினதுபோல் இருபக்கமும் புள்ளிகள் பரவலாம். சிலருக்குப் படம் முழுவதும் சுத்தமாகவே இருக்கும்.

நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவும் இப்படித்தான் ஏமாற்றும். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து ஆண்களிடம் கண்ட இந்த நோயே எய்ட்ஸைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை ஆயிற்று. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். சி.டி. ஸ்கேனிலோ, மார்கழிப் பனி படிந்த கண்ணாடி போன்ற மங்கல் தெரியும். மருந்தென்னவோ மலிவான பழைய கோட்ரைமாக்சசோல்தான்!

வாலிபருக்குக் காசநோய் மாத்திரை தொடங்கினார்கள். சில வாரம் கழித்து, 2004 முதல் நம் நாட்டில் அரசு இலவசமாகத் தருகிற எச்.ஐ.வி. கூட்டு மருந்தும் சேர்ந்தது. அடுத்த மாதம் மறுபடி காய்ச்சல். புதிய எக்ஸ்ரேயில், முன்பு இல்லாத நிழல்கள். "மாத்திரைதான் கெடுத்தது, நிறுத்திவிடுகிறோம்" என்று தாயார் அழுதார்.

மருத்துவர் சளியை மறுபடி சோதித்து, கிருமி மருந்துக்கு அடங்காததல்ல என்று உறுதிசெய்துகொண்டார். பிறகு இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். "அம்மா, பிள்ளையின் உடம்பு இப்போதுதான் சண்டைபோடத் தொடங்கியிருக்கிறது. சிலருக்கு இப்படி வரும்."

தாயார் பாதிதான் நம்பினார். அந்த வாரம் மாலைதோறும் நாங்கள் கட்டிலருகே உட்கார்ந்து, மாத்திரை உள்ளே போயிற்றா என்று பார்த்துக்கொண்டோம்.