மலை ரோட்டில் பழைய வெஸ்பா: கைகொடுக்கும் 20 குறிப்புகள்

இத்தாலியில் 1946 இல் வெஸ்பாவும் 1947 இல் லம்பிரெட்டாவும் பிறந்தன. பியாஜியோவின் அனுமதியோடு இந்தியாவில் வெஸ்பா செய்து பழகிய பஜாஜ், 1972 இல் சேதக்கைக் கொண்டுவந்தது. இவற்றில் ஒன்று உங்கள் வீட்டிலும் நிற்கிறதா? லுணுகலை, பசறை, மடுல்சீமை ஏற்ற இறக்கங்களில் அதைச் செலவில்லாமல் ஓட்ட, கையோடு செய்துகொள்ளக்கூடிய சில வேலைகள் இதோ.

1. பெற்றோலில் ஒயில் கலக்கும்போது கண்மதிப்பு வேண்டாம். 2 சதவீதம் கேட்கும் வண்டிக்கு லீட்டருக்கு 20 மி.லீ. டூ ஸ்ட்ரோக் ஒயில் போதும். பழைய இருமல் மருந்துப் போத்தலின் 10 மி.லீ. மூடியால் இரண்டு தடவை அளந்தால் கணக்கு சரி. மிகப் பழைய மொடல்கள் 5 சதவீதம் வரை கேட்கும் என்பதால், உங்கள் வண்டியின் கையேட்டை ஒருமுறை பார்த்து, அளவை டாங்கி மூடிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

2. பெற்றோல் செட்டில் முதலில் ஒயிலை ஊற்றி, அதன்மேல் பெற்றோலை அடிக்கச் சொல்லுங்கள். விழும் வேகத்திலேயே இரண்டும் கலந்துவிடும். 2022 இல் க்யூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் வாங்கிய நாட்கள் நினைவிருக்கும். அந்த 4 லீட்டருக்கு 2 சதவீதக் கணக்கில் 80 மி.லீ. ஒயில் என்று மனதில் வைத்தால் எப்போதும் குழப்பம் வராது.

3. வண்டியை நிறுத்தியதும் பெற்றோல் டப்பை மூடுங்கள். கார்புரேட்டர் ஊசி தேய்ந்திருந்தால் இரவோடு இரவாகப் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்கி, காலையில் உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும். பல நாள் ஓட்டப்போவதில்லை என்றால், டப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் ஒயில் பிசுக்குத் தங்காது.

4. பெற்றோல் முள் இல்லாத வண்டிக்கு ஒரு மூங்கில் சிம்பே போதும். டாங்கியை ஒருமுறை காலியாக்கி, லீட்டர் லீட்டராக ஊற்றிச் சிம்பில் கோடு போட்டு வையுங்கள். பிபிலைக்கோ பதுளைக்கோ புறப்படுமுன் விட்டுப் பார்த்தால் நடுவழியில் தள்ள வேண்டியிருக்காது.

5. கிக்கர் அடிக்கடி ஏமாற்றுகிற வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். இரண்டாம் கியரில் கிளட்சைப் பிடித்து உருட்டி, வேகம் வந்ததும் விட்டால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். நடு ஸ்டாண்ட், வண்டி முன்னால் உருண்டால் மடியும் வகை என்பதால் முன் சக்கரத்துக்கு ஒரு கல் வைக்க மறக்காதீர்கள்.

6. எஞ்சின் பெற்றோலில் நனைந்துவிட்டால் சோக்கைத் தொடாதீர்கள். டப்பை மூடி, அக்சிலேட்டரை முழுக்கத் திறந்து சில உதை உதையுங்கள். அதற்கும் பற்றாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள்.

7. மாற்று பிளக் ஒன்றைப் பழைய சைக்கிள் டியூப் துண்டில் சுற்றி வண்டியிலேயே வையுங்கள். இடைவெளி 0.6 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. கழுத்து நீளமான பிளக்கைக் குட்டைப் பிளக் போடும் எஞ்சினில் திருகினால் பிஸ்டனில் இடிக்கும், ஆகவே கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள்.

8. நெருப்புப் பொறி பலவீனமாகத் தெரிந்தால் புதுக் கொயில் வாங்குமுன் பொயின்டைப் பாருங்கள். பிளைவீல் ஜன்னல் வழியாக ஒரு தடித்த வெள்ளைக் காகிதத்தைப் பொயின்டுக்கு நடுவே விட்டு இழுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். வெஸ்பாவுக்கு இடைவெளி 0.3 முதல் 0.5 மி.மீ.க்குள் இருந்தால் போதும்.

9. எஞ்சினைக் குளிர்விப்பது பிளைவீல் அடிக்கும் காற்றுத்தான். வண்டி சும்மா நின்ற காலத்தில் மூடிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தால் ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். பக்க மூடியைத் திறந்து சிலிண்டர் விசிறித் தகடுகளின் இடுக்கை ஒரு குச்சியால் சுத்தம் பண்ணினாலே பெரிய செலவு தப்பும்.

10. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ரோட்டுத் தூசியெல்லாம் எயார் பில்டரில்தான் சேரும். கம்பி வலை பில்டரைக் கொஞ்சம் பெற்றோலில் அலசி, உலர்த்திப் பூட்டுங்கள். இழுவையும் கூடும், பெற்றோலும் மிச்சமாகும்.

11. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஹொப்டன், அடாவத்தைப் பக்கத்துத் தோட்ட ரோடுகளில் மட்டுமல்ல, பசறை – லுணுகலை பிரதான வீதியிலும் இதுதான் பாதுகாப்பு. சிறிய டிரம் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் சூடேறிப் பிடி குறையும். முன்னையும் பின்னையும் சேர்த்து, விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

12. பெற்றோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது ஆபத்து. கியரில் இறங்கும்போதும் அக்சிலேட்டரை நெடுநேரம் மூடியே வைக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயில் பெற்றோலோடுதான் போகிறது, பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும். லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்கும் நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குங்கள்.

13. ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் திடீரென இறுகி வேகம் குறைந்தால், யோசிக்காமல் கிளட்சைப் பிடியுங்கள். பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வுமுன் வண்டி காப்பாற்றப்படும். ஓரமாக நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

14. வெஸ்பா 150 வகைக்கு வழக்கமான காற்று முன் டயருக்கு 18, தனியாகப் போனால் பின்னுக்கு 26, பின்னால் ஆள் ஏறினால் 36 பி.எஸ்.ஐ. காற்றுக் குறைந்த டயர் பெற்றோலைக் குடிக்கும், வளைவிலும் ஆடும். பதுளைக்குப் போகும் நாளிலேயே ஸ்டெப்னிக்கும் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள்.

15. வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ டி'அஸ்கானியோ விமானப் பொறியியலாளர். முன் சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்க வைத்ததால் பஞ்சர் ஆனால் சக்கரத்தோடு மாற்றிப் போகலாம். ஆனால் ரிம் இரண்டு பாதியாகப் பிரியும் வகை. காற்றை முழுக்க இறக்காமல் இரு பாதியையும் இணைக்கும் நட்டுகளைக் கழற்றவே கூடாது.

16. கியர் ஒயில் மாற்றச் சில நிமிடங்கள் போதும். வெஸ்பா 150க்கு எஸ்.ஏ.இ. 30 ஒயில் சுமார் 250 மி.லீ., லம்பிரெட்டாவுக்குத் தடித்த 90 நம்பர். எஞ்சின் சூட்டோடு இருக்கும்போது பழையதை இறக்கினால் அழுக்கும் சேர்ந்து வரும். கலவை சரியாக இருந்தும் வெள்ளைப் புகை பெருகி, கியர் ஒயிலும் குறைந்தால் கிளட்ச் பக்கத்து ஒயில் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

17. கேபிள் இறுகினால் அறுந்துபோகும்வரை காத்திருக்க வேண்டாம். மேல் முனையில் சிறு பொலித்தீன் பையைக் கூம்பாகக் கட்டி, கொஞ்சம் ஒயில் ஊற்றி இரவு முழுக்க விட்டால் உள்ளே இறங்கிவிடும். திருகி இறுக்கும் நிப்பிள் இரண்டும் ஒரு கிளட்ச் உள்கம்பியும் டூல் பெட்டியில் இருந்தால் எந்தக் கட்டையில் நின்றாலும் வீடு வந்து சேரலாம்.

18. வழக்கமாக ஏறும் மேட்டில் வண்டி திணறினால் சைலன்சர் கரியால் அடைத்திருக்கலாம். கழற்றி, வண்டியிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் விறகு நெருப்பில் காயவைத்துத் தட்டினால் கரி உதிரும். ஒயில் அளவு சரியாக இருந்தால் இந்த வேலை அடிக்கடி வராது, வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் தொல்லை இருக்காது. அன்று வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கியே கொண்டுபோங்கள்.

19. பழைய 6 வோல்ட் வண்டியில் வெளிச்சம் எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது. பனிமூட்டத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டினால் வேகம் குறைந்தாலும் லைட் மங்காது. ஒரு பல்ப் போனால் மற்றதற்குக் கூடுதல் மின்சாரம் பாய்ந்து அதுவும் போகும், எனவே அதே வாட் பல்பை உடனே போடுங்கள்.

20. வெஸ்பாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது, தகட்டு உடம்பேதான் சட்டம். துரு பிடித்தால் முழு வண்டியும் பலம் இழக்கும். அடைமழை மாதங்களில் கால் தட்டு ரப்பரைத் தூக்கி, ஈரம் துடைத்து, அடியில் பழைய எஞ்சின் ஒயிலைத் துணியால் பூசிவிடுங்கள். அரிசி மூட்டையோ மரக்கறியோ ஏற்றினால் கால் தட்டில் வையுங்கள். பின் கெரியரில் ஏற்றினால் மேட்டில் முன் சக்கரம் மிதக்கும்.

உதிரிப் பாகத்துக்கு அலையும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய டூ ஸ்ட்ரோக் பஜாஜ் ஆட்டோவின் எஞ்சினும் சேதக் எஞ்சினும் நெருங்கிய உறவு, இரண்டுக்கும் பிஸ்டன் 57 மி.மீ. தான். ஆகவே முதலில் உள்ளூர் ஆட்டோ பாகக் கடையில் பழைய சாமானைக் காட்டி அளந்து பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டால் மட்டும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்த வேலைகளை வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கராஜ் செலவு மிச்சமாகும், பிள்ளைகளுக்கும் ஒரு கைத்தொழில் பழகும்.