விடுதலைக்குப் பின்

சிறைவாயில் திறக்கும் நாளை விடுதலை நாள் என்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தண்டனைக் காலத்தைக் கழித்து வெளியே வரும் கறுப்பின இளைஞனுக்கு அந்நாள் எதைத் தருகிறது? சமூகவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கேள்வி என் உள்ளத்தில் நெடுநாளாக இருந்து வருகிறது. அவனைத் திருத்த வேண்டும், அவனுக்கு ஒழுக்கம் கற்பிக்க வேண்டும் என்று பேசுவோர் பலர். திருந்தியபின் அவன் சென்று தட்டும் கதவைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நான் இங்கு எழுதப் புகுவது அந்தக் கதவைப் பற்றி.

வரலாற்றைச் சிறிது நினைவூட்டுதல் நலம். 1865-இல் அந்நாட்டு அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் குற்றத்திற்குத் தண்டனையாக வாங்கும் கட்டாய உழைப்பை மட்டும் விதிவிலக்காக விட்டுவைத்தது. தெற்கு மாநிலங்கள் அந்த இடுக்கு வழியே புகுந்தன. வேலையின்றித் திரிந்தான் என்பது போன்ற அற்பக் குற்றங்களைச் சாட்டிக் கறுப்பினத்தவரைப் பிடித்தன. சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. இதை விரித்தால் இதழின் பக்கங்கள் போதா.

டீவா பேஜர் என்ற அம்மையார் 2001-இல் மில்வாக்கி நகரில் ஓர் ஆய்வு நடத்தினார். கல்லூரி இளைஞர் நால்வரை வேலை தேட அனுப்பினார். வெள்ளையர் இருவர் ஓர் இணை, கறுப்பினத்தவர் இருவர் மற்றோர் இணை. படிப்பு, உடை, பேச்சு எல்லாம் ஒத்தவை. ஒவ்வோர் இணையிலும் ஒருவர், போதைப்பொருள் வழக்கில் 18 மாதம் சிறையிருந்தவராகத் தம்மைக் காட்டிக்கொள்வார். முறை மாற்றி மற்றவரும் அவ்வாறே செய்வார். 350 இடங்களில் விண்ணப்பித்தனர். சிறை காணாத வெள்ளையரை நூற்றுக்கு 34 இடங்களிலிருந்து திரும்ப அழைத்தனர். சிறையிருந்த வெள்ளையரை 17 இடங்களிலிருந்து அழைத்தனர். சிறை காணாத கறுப்பினத்தவருக்கு 14. சிறையிருந்த கறுப்பினத்தவருக்கு 5. மூன்றாவது எண்ணை இரண்டாவதோடு வைத்துப் பாருங்கள். குற்றமே செய்யாத கறுப்பு இளைஞனைவிடச் சிறையிலிருந்து வந்த வெள்ளை இளைஞனை முதலாளிகள் மிகுதியாக விரும்பினர். ஒழுக்கம் கற்பித்தால் போதும் என்போர் இந்த எண்ணுக்கு என்ன விடை சொல்வர்?

விண்ணப்பத் தாளில், 'தண்டனை பெற்றதுண்டா?' என்று கேட்டு ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அக்கட்டத்தை நீக்கு என்று, சிறையிலிருந்து வந்தவர்களே கலிபோர்னியாவில் ஒன்றுகூடி இயக்கம் தொடங்கினர். ஹவாய் மாநிலம் 1998-லேயே அத்தகைய சட்டம் செய்திருந்தது. பின்னர்ப் பல மாநிலங்களும் நகரங்களும் அவ்வழி சென்றன. அமண்டா ஏகன், சோன்யா ஸ்டார் என்ற இருவர் நியூயார்க் நகரிலும் நியூஜெர்சியிலும் ஏறத்தாழ 15,000 போலி விண்ணப்பங்களை அனுப்பி, இதன் விளைவை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். கட்டம் இருந்தபோது, வெள்ளையர் பெயர்களுக்கு வந்த அழைப்புகள் கறுப்பினத்தவர் பெயர்களுக்கு வந்தவற்றைவிட நூற்றுக்கு 7 மிகுதி. கட்டத்தை நீக்கிய நிறுவனங்களில் அது 43 ஆயிற்று! உண்மையை அறிய வழியில்லாதபோது முதலாளிகள் பெயரைக் கண்டே ஐயுற்றனர் என்பது ஆய்வாளர் கருத்து. கட்டத்தை நீக்கியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வியை மறைத்தாலும் ஐயம் மறைவதில்லை.

அப்படியானால் உதவி எங்கே தொடங்க வேண்டும்? கூலியில் என்பேன். வெளியே வந்தவனுக்கு அடையாள அட்டை வேண்டும். படுக்க இடம் வேண்டும். பேருந்துக்குக் காசு வேண்டும். பரோல் அதிகாரியைக் குறித்த நேரத்தில் காணவும் வேண்டும், வேலை தேடவும் வேண்டும். நியூயார்க்கில் வேலைவாய்ப்பு மையம் ஒன்று, இத்தகையோருக்குச் சில நாள் பயிற்சி தந்து, உடனே பொதுக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் குழுக்களில் சேர்த்து, அன்றாடக் கூலியை அன்றாடமே கொடுத்தது. பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இஸ்பானிய மரபினருமான ஆடவர். 2004-இலும் 2005-இலும் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் ஆட்களைப் பிரித்து இதனை ஆராய்ந்தனர். தற்காலிக வேலை முடிந்ததும் வேலைவாய்ப்பில் கண்ட ஏற்றம் ஓராண்டுக்குள் தேய்ந்துவிட்டது. இதை மறைக்கக் கூடாது. ஆனால் விடுதலையாகி மூன்று மாதங்களுக்குள் மையத்தை அடைந்தவர்கள், மூன்றாண்டுக் காலத்தில் மீண்டும் குற்றத் தண்டனைக்கும் சிறைக்கும் ஆளானது குறைந்தது. தாமதமாக வந்தோரிடம் அப்பயன் தெளிவாகத் தோன்றவில்லை. முதல் வாரங்களின் அருமை இதனால் விளங்கும்.

இனி ஒருவர் வாழ்க்கை. ரெஜினால்டு டுவைன் பெட்ஸ் தம் 16-ஆம் வயதில், 1996-இல், வர்ஜீனியாவில் துப்பாக்கி காட்டிக் கார் பறித்த குற்றத்திற்காகப் பெரியவர்களுக்குரிய சிறையில் அடைக்கப்பட்டார். எட்டாண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். சிறையிலிருப்போர் கல்லூரிப் படிப்புக்குக் கூட்டரசு தந்துவந்த உதவித்தொகை 1994-இல் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. 2023 சூலையில்தான் அது மீண்டும் வந்தது. தனிக் கொட்டடியில் இருந்தபோது சக கைதி ஒருவர் கதவடியில் தள்ளிவிட்ட கவிதைத் தொகுப்பு அவரைக் கவிஞராக்கியது. 2005-இல் வெளியே வந்து புத்தகக் கடையில் வேலை செய்தார், கல்லூரியில் சேர்ந்தார், கவிதை நூல்கள் வெளியிட்டார், 2016-இல் ஏல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். வழக்கறிஞர் தேர்விலும் தேறினார். ஆயினும் 2017-இல் கனெக்டிகட் மாநிலத் தேர்வுக்குழு, நல்லொழுக்கத்திற்குச் சான்று காட்டுமாறு கூறி முதலில் அவரை நிறுத்தி வைத்தது. பின்னர் அவ்வாண்டே அனுமதி அளித்தது. அப்போது அவர் சிறையை விட்டு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.