கைவைத்தியத்துக்கும் ஒரு தவணை வைப்போம்



குழுவில் கடன் கொடுக்கும்போது நாம் முதலில் என்ன எழுதுகிறோம்? தொகையை எழுதுகிறோம், பக்கத்திலேயே தவணையை எழுதுகிறோம். தவணை இல்லாத கடன் வீட்டுக்கும் கேடு, குழுவுக்கும் கேடு என்று நமக்குத் தெரியும். ஆனால் உடம்புக்கு வந்தால் மட்டும் தவணை வைப்பதில்லை. "கஷாயம் குடிச்சிருக்கேன், சரியாப் போயிடும்" என்று நாளைத் தள்ளிக்கொண்டே போகிறோம்.

நம் கூட்டமைப்பில் ஒரு சகோதரிக்கு நடந்ததைச் சொல்கிறோம். ஆரணிப் பக்கம் பட்டுத்தறி வைத்திருக்கும் குடும்பம். அவருக்கு நீர்க்கடுப்பு வந்தது. "சூடுதான்க்கா, வேற ஒண்ணுமில்ல" என்றார். இளநீர், பார்லித் தண்ணீர், ஊறவைத்த வெந்தயம் என்று மூன்று வாரம் ஓட்டினார். நடுவில் இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி. மருத்துவமனையில் சேர்த்தபோது, சிறுநீர்ப் பையில் இருந்த கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்கள். சேலை பாதியில் தறியிலேயே நின்றது. அந்த மாதக் குழுத் தவணையும் நின்றது.

பிழைத்து வந்தபின் அவரே கூட்டத்தில் சொன்னார்: "இளநீர் மேல தப்பில்ல. மூணு வாரம் அதையே நம்பி உட்கார்ந்திருந்தேனே, அதுதான் தப்பு."

இந்த இதழின் பாடம் அதுதான். கைவைத்தியம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று தவணை வைப்போம் என்கிறோம்.

1. நீர்க்கடுப்பு

தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. எழ வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறோம். சிறுநீரையும் அடக்கி வைக்கிறோம். கிருமி வளர இது போதும்.

வீட்டில் செய்வது: தறிக்குப் பக்கத்திலேயே ஒரு செம்பில் தண்ணீர் வையுங்கள். ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லிட்டராவது குடியுங்கள். வந்தால் அடக்காதீர்கள். மோர், பார்லித் தண்ணீர், இளநீர் எல்லாம் குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டபிறகே குடிக்க வேண்டும்.

தவணை: 2 நாள். அதற்குள் எரிச்சல் போகாவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். குளிர் காய்ச்சல், விலா வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

2. இடுப்பு வலி, கழுத்து வலி

தறியில் குனிந்தே நெய்வது, தார் சுற்ற மணிக்கணக்கில் தரையில் உட்காருவது, அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது: ஆரணி, தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் எங்கே போனாலும் நம் பெண்கள் சொல்லும் முதல் வியாதி இதுதான். தைலம் தேய்த்தால் வலி கேட்கும். ஆனால் மறுநாள் அதே மாதிரி உட்கார்ந்தால் வலியும் திரும்ப வரும். மருந்தை விட உட்காரும் முறையை மாற்றுவதே முக்கியம்.

வீட்டில் செய்வது: முக்கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து பத்து அடி நடங்கள். கையை மேலே தூக்கிச் சோம்பல் முறியுங்கள். தோளைப் பின்பக்கமாகப் பத்துத் தடவை சுழற்றுங்கள். உட்காரும் பலகை மேல் பழைய சேலையை மடித்துப் போடுங்கள். கல் உப்பையோ நொச்சி இலையையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம். சூட்டை முதலில் முழங்கை உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்குக் காலில் சூடு வைக்கவே கூடாது, வெந்தாலும் தெரியாது.

தவணை: 2 வாரம். கால் மரத்தல், காலில் பலம் குறைதல், வலியோடு காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனை.

3. கண்

நாற்பது வயதுக்கு மேல் ஜரிகை இழை மங்கலாகத் தெரிகிறது, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்றால் அது வெள்ளெழுத்து. சாளேசரம் என்றும் சொல்வார்கள். இதற்குக் கஷாயம் இல்லை. கண்ணாடிதான் மருந்து. "கண்ணாடி போட்டா வயசாயிடுச்சுன்னு சொல்வாங்க" என்று கூச்சப்பட்டு வேலையை விடாதீர்கள். பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடக் கூடாது. பாவு மேல் வெளிச்சம் விழும்படி விளக்கை மாற்றிக் கட்டுங்கள். அடிக்கடி தலை நிமிர்ந்து வாசலைத் தாண்டித் தூரத்தில் பாருங்கள்.

தவணை: மங்கலுக்கு அடுத்த கண் முகாம் வரை. கண் சிவந்து வலித்தாலோ, திடீரென்று பார்வை குறைந்தாலோ அன்றைக்கே.

4. சளி, இருமல், காய்ச்சல்

இதில் நம் பாட்டி வைத்தியம் நன்றாகவே சுகம் தரும். சுக்கு, மிளகு, துளசி போட்ட கஷாயம், வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டை கொப்பளிப்பது, நொச்சி ஆவி, இஞ்சிச் சாறும் தேனும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் மட்டும் தொட்டு வைக்கவும் கூடாது. ஆவி பிடிக்கும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

டெங்கு காலங்களில் அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் விட்ட நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், துவண்டு போவது ஆகியவை தெரிந்தால் உடனே ஓட வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது உடம்பு வலிக்கு என்று கடையில் கண்ட மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். சில வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

தவணை: காய்ச்சலுக்கு 2 நாள். இருமலுக்கு 2 வாரம். அதைத் தாண்டினால் சளிப் பரிசோதனை. காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். மூச்சு வாங்கினாலோ சளியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே.

5. வயிற்றுப்போக்கு

1971-ல் வங்கதேசப் போரின்போது அகதி முகாம்களில் காலரா பரவியது. ஏற்றுவதற்குப் போதிய குளுக்கோஸ் பாட்டில் இல்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நோயாளியின் கூட இருந்த சொந்தக்காரர்களே அதை ஊட்டினார்கள். அவருடைய முகாமில் நூற்றுக்கு முப்பது போல இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். அவர் நிரூபித்துக் காட்டிய மருந்து நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

செய்முறை: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். சிறு கரண்டியால் தலை தட்டிச் சர்க்கரை 6, உப்பு அரை. இதற்கு மேல் உப்புப் போடக் கூடாது. ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இதைவிட நல்லது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். "போகுதே, ஒண்ணும் குடுக்காதே" என்பது பழைய தப்பு.

தவணை: பெரியவர்களுக்கு 2 நாள், குழந்தைக்கு 1 நாள். கண் குழி விழுந்தாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ தவணையே இல்லை.

6. ரத்தசோகை

2019-21-ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் குழுவில் இருபது பேர் என்றால் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இரைப்பு, தலைசுற்றல், அசதி எல்லாவற்றையும் "வேலை ஜாஸ்தி" என்று தள்ளிவிடுகிறோம்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, முடிந்தால் மீன் சேருங்கள். கூட நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ, காபி வேண்டாம். ரத்தம் மிகவும் குறைந்திருந்தால் கீரை மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகிறது என்றால் காரணத்தையும் பார்க்க வேண்டும்.

தவணை: இந்த மாதத்துக்குள் எல்லோரும் ரத்த அளவு பார்த்துவிட வேண்டும். 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

தவணையே இல்லாதவை

நெஞ்சு வலி வந்தால் "வாயு" என்று ஓமமும் சுக்கும் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு பல நேரம் நெஞ்சடைப்பு, முதுகு வலி, வியர்வை, குமட்டல் என்றுதான் வரும். வாய் கோணுதல், கை கால் விழுதல், பாம்புக்கடி, பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு உடனே 108. பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. தீக்காயத்துக்குப் பேஸ்ட், மை, மாவு பூசாமல் இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரை ஓட விடுங்கள்.

இன்னும் ஒன்று. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சாறுக்குப் போகாதீர்கள். பற்பம், செந்தூரம் கைவைத்தியம் அல்ல. பதிவு பெற்ற சித்த மருத்துவர் கொடுத்தால்தான் சாப்பிட வேண்டும். பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும், வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. போன ஆறு மாதத்தில் நம்மில் யார் யார் நாளைத் தள்ளி அவஸ்தைப்பட்டோம்? ஏன் தள்ளினோம்? பணமா, பயமா, துணைக்கு ஆள் இல்லையா?
2. தறியை விட்டு ஒருவர் மருத்துவமனை போனால், அன்றைக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் கூடப் போகவும் யார் பொறுப்பு?
3. அவசர மருத்துவச் செலவுக்குக் குழு நிதியில் எவ்வளவு ஒதுக்கலாம்? கூட்டம் வரை காத்திராமல் அன்றைக்கே கொடுக்கத் தீர்மானம் எழுதலாமா?

மேலே சொன்ன தவணைகளை ஒரு தாளில் எழுதி, தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிக்குப் பக்கத்து வீட்டுச் சகோதரி சொல்லிக் கொடுக்கட்டும். கடன் தவணை தப்பினால் நாம் வீடு தேடிப் போய்க் கேட்கிறோம். உடம்புத் தவணை தப்பினாலும் அதே மாதிரி வீடு தேடிப் போய், "வா, நான் கூட வரேன்" என்று கூப்பிடுவோம்.