விடுபட்ட புள்ளி

மக்கள் உள்ளத்தில் பெயர் நிற்கும், எண் நில்லாது. கணிப்பொறிகளோ எண்ணாலேயே ஒன்றையொன்று அறிவன. இணையத்தில் நாம் ஒரு பெயரை எழுதுந்தோறும், அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் கணிப்பொறிகளைப் பெயர்ச் சேவையகங்கள் என்பர். இவ்வமைப்பை 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். அதற்கு முன்னர்ப் பெயர்களெல்லாம் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, நிலையந்தோறும் படியெடுக்கப்பட்டு வந்தன.

நாள்தோறும் பணிபுரியும் இச்சேவையகங்களை எவரும் நினைப்பதில்லை. அவை நோயுற்றபோதுதான் உலகம் அவற்றை நினைக்கின்றது.

ஸ்வீடன் நாட்டு இணையப் பெயர்கள் ‘எஸ்ஈ’ என்னும் ஈரெழுத்து ஈற்றைக் கொண்டவை. 2009-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள் மாலை, அவ்வீற்றையுடைய ஏறத்தாழ 9 இலட்சம் பெயர்களும் செயலற்றுப் போயின. காரணம் யாதெனின், பெயர்ப் பட்டியலை எழுதும் நிரல் ஒன்று, பெயர்களின் இறுதியில் இடவேண்டிய புள்ளியை இடாது விட்டமையேயாம்.

ஒரு புள்ளிக்கு இத்துணை ஆற்றலோ என வியக்கின்றீர்களா? பட்டியலில் ஒரு பெயர் புள்ளியோடு முடியுமாயின், அது முற்றுப்பெற்ற பெயர். புள்ளி இல்லையாயின் அது குறைப்பெயரெனக் கொள்ளப்பட்டு, பட்டியலுக்குரிய ஈறு அதனோடு மீண்டும் ஒட்டப்படும். ஆகவே, ‘எஸ்ஈ’ என முடிந்த சேவையகப் பெயர், ‘எஸ்ஈ.எஸ்ஈ’ என முடிவதாயிற்று. அப்படியொரு சேவையகம் எங்கும் இல்லை. நம் ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தோர்க்கு இவ்விடர் புதிதன்று. ஓலை கிழியுமென அஞ்சி எழுத்தாணியால் புள்ளியிடாது விட்ட இடங்களில், மெய்யோ உயிர்மெய்யோ என அவர்கள் மயங்கி நின்றனர். ஆயினும் அவர்கள் பொருள் நோக்கித் தெளிந்தனர். கணிப்பொறிக்கு அவ்வறிவு இல்லை.

திருத்திய பட்டியல் விரைவில் வெளியிடப்பட்டது. எனினும் துன்பம் உடனே தீரவில்லை. ஒருமுறை பெற்ற விடையைச் சிலகாலம் நினைவில் வைத்திருப்பது சேவையகங்களின் இயல்பு. பல நிறுவனங்களின் சேவையகங்கள் பிழையான விடையை நினைவில் கொண்டிருந்தமையால், அது கழியும்வரை காத்திருக்க நேர்ந்தது. வெளியிடுமுன் செய்த சோதனைகளும் இப்பிழையைக் காணவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

சேவையகங்களின் நலத்தை ஆராயும் கருவிகளுள் ஒன்று சோன்மாஸ்டர். பிரான்சு நாட்டுப் பெயர்களைப் பேணும் ஆப்னிக் நிறுவனத்தாரும், ஸ்வீடன் நாட்டு இணைய நிறுவனத்தாரும் தத்தம் பழைய கருவிகளுக்கு மாற்றாக இதனைச் சேர்ந்து ஆக்கினர். எவரும் இதனை விலையின்றிப் பெறலாம். ஒரு பெயரைக் கொடுத்தால், அப்பெயருக்கு மேலுள்ள சேவையகம் கூறும் பட்டியலையும், அப்பெயரின் சேவையகங்கள் தாமே கூறும் பட்டியலையும் இது ஒப்பிடும். எல்லாச் சேவையகங்களிலும் ஒரே படி உளதா எனப் பார்க்கும். இரண்டு சேவையகங்களேனும் வேண்டுமென்பது விதி. அவை ஒரே இடத்தில் அடைந்து கிடத்தலும் தீதேயாம். 2001-ஆம் ஆண்டு சனவரியில், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் நான்கு பெயர்ச் சேவையகங்களும் ஒரே வலையமைப்பில் இருந்தமையால், ஒரு வழிப்படுத்தியில் நேர்ந்த தவறு அந்நிறுவனத்தின் தளங்களை ஏறத்தாழ ஒரு நாள் முடக்கிற்று.

கருவியை ஆக்குதலினும் பேணுதலே அரிது என்பது என் துணிபு. விதிகள் மாறிக்கொண்டேயிருக்கின்றன. இல்லாத பெயரை இல்லையென மெய்ப்பிக்கும் முறைகளுள் ஒன்றில், ஒரு கணக்கைக் கூடுதலாகப் பன்முறை திருப்பிச் செய்தல் காப்பாகும் என முன்னர்க் கருதினர். 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த விதி, அக்கூடுதல் எண்ணிக்கை சுழியாக வேண்டும் என்றது. நேற்று நன்றெனக் கருவி உரைத்ததனை இன்று குறையென உரைத்தல் வேண்டும்! ஆதலின் பேணுவோர், ஒவ்வொரு சோதனைக்கும் முதலில் உரைநடையில் இலக்கணம் வரைகின்றனர். அதன் வழியே நிரல் எழுதுகின்றனர். சேவையகங்கள் முன்னர்த் தந்த விடைகளைப் பதிந்து வைத்து, நிரலை மாற்றுந்தோறும் அவற்றைக் கொண்டு கருவியையே சோதிக்கின்றனர்.

குறைகளின் தரமறிந்து உரைப்பதும் எளிதன்று. வழியிடைத் தடையால் சேவையகம் ஒரு நொடி வாளாவிருந்தால், அது சேவையகத்தின் குற்றமாகாது. எதற்கெடுத்தாலும் கூக்குரலிடும் காவலனை ஊரார் பொருட்படுத்துவரோ? ஆகவே தகவல், அறிவிப்பு, எச்சரிக்கை, பிழை, கடும்பிழை என முடிவுகள் படிப்படியாகப் பகுக்கப்படுகின்றன. எக்குறையை எப்படியில் வைப்பது என்பது பற்றிப் பேணுவோரிடையே வழக்காடல் எழுவதுண்டு.

தமிழ் எழுத்தாலாகிய ‘இலங்கை’, ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ என்னும் ஈறுகளும் இன்று இணையப் பெயர்களில் வழங்குகின்றன. சேவையகங்களுக்குள் அவை ‘எக்ஸ்என்’ எனத் தொடங்கி, இரு சிறுகோடுகளும் உரோமன் எழுத்துக்கோவையும் தொடர எழுதப்படுகின்றன. தமிழில் எழுதிய பெயரை அவ்வடிவிற்கு மாற்றிய பின்னரே கருவி தன் வினாக்களை விடுக்கின்றது.