கோப்பிற்குப் பெயரிடல்

நிரல் என்பது கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் வரிசையாகும். அவற்றைக் கணிப்பொறி தவறாது படிக்கும். மனிதர் படித்துப் பொருளுணர்வதோ அரிது. எழுதியவரே ஓராண்டு கழித்துப் பார்ப்பின், எக்கருத்தால் அவ்வாறு எழுதினோம் என்று திகைப்பர். இக்குறையை நீக்க எண்ணிய அமெரிக்க அறிஞர் டொனால்டு கனூத், நிரலையும் விளக்கத்தையும் ஒரே ஏட்டில் இணைத்தெழுதும் முறையொன்றை வகுத்தார். 1984ஆம் ஆண்டில் அதனை 'லிட்ரேட் புரோகிராமிங்' என்னும் பெயரால் உலகிற்கு விளக்கினார். மூலமும் உரையும் ஒருங்கே கற்றுப் பழகியவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆயினும் இங்கே உரையே முதன்மையுடையது. மூலம் அதனூடே துண்டு துண்டாக வரும்.

இவ்வேட்டிலிருந்து இரண்டு பிறக்கின்றன. 'வீவ்' என்னும் கருவி மனிதர் படித்தற்குரிய நூலை நெய்து தரும். 'டாங்கிள்' என்னும் கருவி விளக்கத்தை விலக்கி, நிரற்பகுதிகளை மட்டும் கணிப்பொறி வேண்டும் முறையில் கோத்துக் கோப்பில் எழுதும். அச்சுக்கோக்கும் 'டெக்' என்னும் பெருநிரல் இவ்வாறு எழுதப்பட்டதே. 1,300க்கு மேற்பட்ட பகுதிகளையுடைய அது 1986இல் நூலாகவும் வெளிவந்தது.

கனூத்தின் முறையில் ஓர் ஏடு ஒரு பாஸ்கல் நிரலையே தந்தது. ஆதலின் பெயரைப் பற்றிய கவலை பெரிதாக எழவில்லை. பின்வந்தோர் ஓரேட்டிலிருந்தே பல கோப்புகளைப் பெற விரும்பினர். நார்மன் ராம்சி ஆக்கிய 'நோவெப்' கருவியில், பிரித்தெடுக்கக் கட்டளையிடுபவரே பெயரையும் சொல்ல வேண்டும். கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியலறிஞர் 2003இல் தொடங்கிய 'ஆர்க்' முறையிலோ, ஒவ்வொரு நிரற்பகுதியின் தலைவரியிலும் அது சென்று சேரும் கோப்பின் பெயர் குறிக்கப்படும். 'வேண்டா' என்னும் பொருளுடைய 'நோ' என்னும் சொல்லை அங்கே இட்டால், அப்பகுதி எக்கோப்பிலும் எழுதப்படாது.

பெயர் இடுகுறி, காரணம் என இருவகைப்படும் என்பர் இலக்கண நூலார். தலைவரியில் நிலையாக எழுதிய பெயரை இடுகுறி எனலாம். ஆர்க் முறை காரணப்பெயருக்கும் இடந்தருகிறது. பெயர்க்கு மாறாக அடைப்புக்குறிக்குள் லிஸ்ப் மொழியில் ஒரு கோவை எழுதினால், பிரித்தெடுக்கும் பொழுதே அது கணிக்கப்பட்டு, விடையாக வரும் சொல்லே பெயராகும். லினக்சு உடைய கணிப்பொறி ஒன்றும் மெக்கின்டாசு ஒன்றும் வைத்திருப்பவர், இரண்டிற்கும் ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு, 'இயங்குதளம் இதுவாயின் இப்பெயர். அன்றேல் நோ' என்று எழுதிவிடலாம். ஈரேடு எழுதி, ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறக்கும் துன்பம் அவர்க்கில்லை.

எனினும் இவ்வசதியினுள்ளே இடர் ஒன்று மறைந்துள்ளது. ஆர்க் முறைக்கு இருப்பிடமாகிய ஈமாக்சு, மெக்கின்டாசின் இயங்குதளத்தை 'டார்வின்' என்றே வழங்கும். அதனையறியாதார் கோவையில் 'மேக்' என்று எழுதின், நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. விடை எப்பொழுதும் 'நோ' என்றே வரும். பிழை என்று எவரும் கூறார். புதுக் கோப்பும் பிறவாது. முன்னாள் எழுதப்பட்ட பழைய கோப்பு அங்கேயே கிடக்கும். ஏட்டைத் திருத்தியவர், திருத்தம் சென்று சேர்ந்தது என்றே நம்பி, பழைய கட்டளைகளோடு பல நாள் போராடுவார். கணிப்பொறியின் பெயரைக் கொண்டு கோப்பிற்குப் பெயரிடுவோர்க்கும் இத்தகைய இன்னல் உண்டு. பொறியின் பெயரை மாற்றிய அன்றே புதுக்கோப்பு வேறாகவும் பழையது வேறாகவும் நிற்கும்.

பெயர் சரியாகவே பிறந்தாலும் மற்றொன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அப்பெயரில் முன்பே ஒரு கோப்பு இருப்பின், புதியது அதன்மேல் எழுதப்படும். அக்கோப்பில் கையால் செய்த திருத்தங்கள் யாவும் அழியும். மேலும், அடைப்புக்குறிக்குள் இருப்பது பெயரன்று, நிரல்; பெயரைத் தருவதோடு வேறு செயலும் செய்யவல்லது. ஆதலின், அயலார் அனுப்பிய ஏட்டைத் தலைவரிகளைப் படிக்காது பிரித்தெடுத்தல் தகாது. பழகியவர்கள் அக்கோவையை முதலில் தனியே கணித்து, வரும் பெயரைக் கண்ணால் கண்ட பின்னரே பிரித்தெடுக்கக் கட்டளையிடுவர்.