காணி எடுக்க நோட்டீஸ் வந்தால் நாளை எண்ணுங்கள்

"ரோட்டுக்குக் காணி எடுக்கப் போறாங்களாம்" என்ற பேச்சு வந்தால் வீட்டில் எல்லாருக்கும் தூக்கம் போய்விடும். கவலைப்பட்டுக்கொண்டே இருந்தால் நாள்தான் ஓடும். உறுதியுள்ள காணி நமக்கு இருந்தால், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் தரும் தவணைகளைத் தெரிந்துகொள்வோம்.

1. முதலில் 2ஆம் பிரிவு நோட்டீஸ் மூன்று மொழிகளிலும் ஒட்டப்படும். அதன்பின் அளக்க வருவார்கள். அதற்காகக் காணி போய்விட்டது என்று அர்த்தமில்லை. என்ன பொதுத் தேவைக்கு என்பதை இந்த நோட்டீஸிலேயே சொல்ல வேண்டுமென உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

2. அடுத்தது 4ஆம் பிரிவு நோட்டீஸ். "எங்கள் காணியை எடுக்க வேண்டாம்" என்று சொல்ல இதுதான் நேரம். குறைந்தது 14 நாள் தவணை உண்டு. ஆட்சேபணையை அமைச்சின் செயலாளருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். கந்தோரில் வாயால் சொன்னால் போதாது.

3. எடுப்பதென முடிவானால் 7ஆம் பிரிவு நோட்டீஸ் வரும். அதை ஒட்டியதிலிருந்து 21 நாளுக்கு முன் விசாரணை நடக்காது. உரிமை என்ன, நட்டஈடு எவ்வளவு என்பதை விசாரணைக்கு 7 நாளாவது முன்பு எழுதிக் கொடுங்கள். குத்தகைக்காரரும் ஈடு பிடித்தவரும்கூட உரிமை கோரலாம். மாத வாடகைக்காரருக்கு அந்த உரிமை இல்லை.

4. நட்டஈடு குறைவென்றால், தீர்மானம் கிடைத்து 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். அவசரம் என்றால், 2ஆம் பிரிவு நோட்டீஸுக்குப் பிறகு, காணியில் தனி அறிவித்தல் ஒட்டி 48 மணித்தியாலம் போனபின் காணியை எடுக்கக் கட்டளையிடலாம். அப்போதும் நட்டஈட்டு உரிமை போகாது.

எடுத்த காணி சும்மா கிடந்தால்? 1979ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நட்டஈடு கொடுபடாமல், பொதுத் தேவைக்குப் பாவிக்காமல், எந்த அபிவிருத்தியும் செய்யாமல் இருந்தால், உரிமையாளர் ஏற்கச் சம்மதித்தால், அமைச்சர் அதைத் திருப்பித் தரலாம். அதற்குத் தானாக வரும் தவணை இல்லை. நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

ஆகவே நோட்டீஸ் வந்த திகதியை அதன்மேலேயே குறியுங்கள். பதிலைப் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டையும் பிரதியையும் உறுதியோடு சேர்த்து வையுங்கள். வாசிக்கச் சிரமமென்றால் அன்றைக்கே படித்த பிள்ளையிடமோ சட்டத்தரணியிடமோ காட்டுங்கள். நாள் தப்பினால் நியாயம் நம் பக்கம் இருந்தும் சொல்ல இடம் இருக்காது.